கோணேசர் கோயிலும் கல்லறைகளும் ஒரே நாளில்: கைடு வேண்டுமா, எந்தப் பாதை நல்லது?

உவர்மலைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஓகஸ்ட்டில் கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் திருகோணமலைக்கு வருகிறது. கடற்கரை, டொல்பின், புறாத்தீவு எல்லாம் பிள்ளைகளுக்கு. சித்தப்பாவுக்கு அதில் மனமில்லை. எகிப்துக்குப் போனபோது லக்சரில் ஒரு நாள் சுற்று போயிருக்கிறார். விடிய கர்னாக் கோயில், பிறகு நைல் நதிக்கு அந்தப் பக்கம் அரசர்களின் பள்ளத்தாக்கு, கூடவே விளக்கம் சொல்ல ஒரு கைடு. "எங்கட ஊரிலும் கோயில் இருக்கு, கல்லறை இருக்கு, அப்படி ஒரு நாள் ஒழுங்கு செய்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நகரத்தில் ஓரிடத்தில் விசாரித்தேன். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், வெல்கம் விகாரை, திரியாய், நிலாவெளி வீதிப் போர்க் கல்லறை, தம்பலகாமம், சேருவில என்று ஏழு இடங்களை ஒரே நாளுக்குள் அடுக்கி அட்டவணை தந்தார்கள். நடக்கிற காரியமா?

இன்னொரு சிக்கல். அப்பம்மாவும் வருகிறார். கோயிலுக்கும் சவக்காலைக்கும் ஒரே நாளில் போகக்கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டார்.

இலிங்கநகர் வான்காரன்:

ஏழும் போகலாம் தம்பி, வானை விட்டு இறங்காமல் என்றால். திரியாய் புல்மோட்டை வீதியில், வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீற்றர். சேருவில தெற்கே, கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு மூதூர்ப் பக்கம் போக வேண்டும். வடக்கே போனவன் தெற்கே போவதற்கு மறுபடி நகரம்வரை வந்தாக வேண்டும். அட்டவணை எழுதியவர் ஸ்ரியரிங் பிடித்தவராக இருக்க மாட்டார். ஒரு திசையைப் பிடியுங்கள், மற்றதை விடுங்கள்.

ரொறன்ரோ திருமலையான்:

நான் ஊருக்கு வந்தபோது கைடு ஒருவரைப் பிடித்தேன், பெயர் வேண்டாம். கோணேசர் கோயிலடியில் பாறை பிளந்திருக்கும் இராவணன் வெட்டு அருகில் நிறுத்தி அரை மணித்தியாலம் புஷ்பக விமானம் எங்கே இறங்கியது என்று விளக்கினார். கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டை வாசலில் உள்ள கல்வெட்டைப் பற்றிக் கேட்டேன். "அது பழசு சேர்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் நகைக் கடை, மசாலாக் கடை. கைடு இல்லாமலே போங்கள், காசு மிச்சம்.

கல்வெட்டுப்பித்தன்:

>கைடு இல்லாமலே போங்கள்

இதை நான் ஏற்கமாட்டேன். மோசமான கைடு கிடைத்தால் ஆளை மாற்ற வேண்டும், கைடே வேண்டாம் என்பது சரியில்லை. திருமலையில் கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். இன்றைக்கு நாம் கும்பிடும் கோணேசர் கோயில் கட்டடம் 1950களில் எழும்பத் தொடங்கி 1963இல் கும்பாபிஷேகம் கண்டது. வெளியூரார் வந்து பார்த்துவிட்டு "புதுக்கோயில்தானே" என்று போய்விடுவார்கள். பழையது எங்கே என்று காட்ட ஆள் வேண்டும்.

பழையது மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது, கோட்டையே. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார். ஆண்டை 1622 என்றும் 1624 என்றும் எழுதுகிறார்கள். சித்திரை வருடப்பிறப்பன்று சுவாமி ஊருக்குள் வீதியுலா போன நேரம் படையினர் பூசகர் வேடத்தில் உள்ளே நுழைந்தார்கள் என்பது ஊரில் சொல்லும் கதை. அந்தக் கோட்டை பிறகு ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் போய், பிரெட்றிக் கோட்டை ஆயிற்று. வாசலில் நின்று பக்கத்துக் கல்லைப் பாருங்கள். இரட்டைக் கயல் செதுக்கியிருக்கும். பாண்டியர் சின்னம். அருகிலேயே பழைய அரசன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்லும் தமிழ் வரிகள், சிதைந்த நிலையில். கோயிலுக்குப் போகிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் மானுக்கு வாழைப்பழத்தோல் கொடுத்தபடியே அந்த வாசலைத் தாண்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது, மண்ணுக்குள் இருந்தவை. 1950இல் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள், பிள்ளையார் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. இடிபடும் முன் அடியார்கள் எடுத்துப் புதைத்தவை என்று நம்புகிறோம். அவை கிடைத்திருக்காவிட்டால் கோயில் மறுபடி எழும்பியிருக்குமா என்பதே சந்தேகம்.

மூன்றாவது, கடலுக்குள். 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். இப்போது கோயிலில் இருக்கும் இலிங்கம் ஒன்று வில்சன் கடலிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

சம்பந்தர் பதிகம் பாடிய ஈழத்துத் தலங்கள் இரண்டே இரண்டு. ஒன்று மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம், மற்றது இது. பதிகம் பாடும்போது அவர் இங்கே வரவில்லை, இராமேச்சரத்தில் நின்று பாடினார் என்று சொல்வார்கள். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல ஒருவர் வேண்டாமா? சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அடுத்து, "கோட்டை வாசலில் என்ன இருக்கிறது?" என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

பாலையூற்று அக்கா:

அப்பம்மா சொல்வது பிழையில்லை தம்பி, ஆனால் முழுக்கச் சரியுமில்லை. எங்கள் வழக்கத்தில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து செத்த வீட்டுக்குப் போகலாம். செத்த வீட்டுக்கோ சுடலைக்கோ போனால் தலைமுழுகாமல் கோயிலுக்குப் போகக்கூடாது. அப்போ ஒழுங்கை மாற்றினால் தீர்ந்தது. விடியக் கோணேசர், பிறகு சவக்காலை, கடைசியில் கன்னியா. அங்கே ஏழு கிணற்றுத் தண்ணீரையும் அள்ளித் தலையில் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அப்பம்மா ஒரு வார்த்தை பேச மாட்டார்.

கன்னியாவின் கதையே அதுதானே. தாய் இறந்த செய்தி கேட்டு இராவணன் கிரியை செய்யத் தண்ணீர் வேண்டி வாளால் குத்திய ஏழு இடம். எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைக்கும் இன்றும் அங்கே போவார்கள். கல்லறை பார்த்து வந்த மனதுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

சீனன்குடா சிவா:

அக்கா சொன்ன ஒழுங்குக்கு நூறு லைக்.

ஆனால் ஒரு கேள்வி. சித்தப்பா கேட்டது பழைய கல்லறை. நிலாவெளி வீதிக் கல்லறை 1942க்குப் பிறகு வந்தது. பிரமிட்டைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அதைக் காட்டினால் சிரிக்க மாட்டாரா?

உவர்மலைவாசி:

பிரமிட் கெய்ரோப் பக்கம் சிவா. லக்சரில் மலையைக் குடைந்த கல்லறைகள் என்று சித்தப்பா திருத்தச் சொன்னார். இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். சிரிக்க மாட்டாராம். ஆனால் பழையது எங்கே இருக்கிறது என்று அவரும் கேட்கிறார்.

கல்வெட்டுப்பித்தன்:

உண்மையிலேயே பழைய ஈமக்காடு வேண்டுமென்றால் தெற்கே போக வேண்டும். வெருகல் ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம், அங்கே கதிரவெளி. பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் உள்ள இடம். பொம்பரிப்பு ஈமத் தாழிகளையும் தம்புள்ளைக்குப் பக்கத்து இப்பன்கட்டுவைக் கல்லறைகளையும் பற்றி ஆய்வாளர்கள் எழுதும்போது கதிரவெளியையும் சேர்த்துத்தான் எழுதுவார்கள். வழியில் வெருகல் சித்திரவேலாயுத சுவாமியையும் கும்பிடலாம். ஆனால் கதிரவெளியில் கம்பி வேலி போட்டு, பலகை வைத்து, ரிக்கெற் கொடுத்து யாரும் காத்திருக்கவில்லை. விளக்கம் சொல்லத் தெரிந்தவர் கூட இல்லாவிட்டால் கல்லும் பற்றையும்தான் தெரியும். பராமரித்த இடமாகப் பார்க்க ஆசையென்றால் இப்பன்கட்டுவை. பலகைக் கற்களால் பெட்டிபோல் அமைத்த குழிகள், உள்ளே சாம்பலும் எலும்பும் வைத்த தாழிகள். கண்டி வீதியால் போய் ஹபரணையில் திரும்ப வேண்டும், முழு நாள் வேலை. திருமலைச் சுற்றோடு ஒட்டாது.

போர்க் கல்லறையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம் சிவா. 1942 ஏப்ரல் 5 ஞாயிறு கொழும்பில் குண்டு விழுந்தது, 9ஆம் திகதி எங்கள் துறைமுகத்தில். உங்கள் சீனன்குடாவிலேயே ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியில் போய் மோதியது. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள், 300 பேருக்கு மேல் போனார்கள். அந்தக் காலத்துச் சாவுகள் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. நடுகல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று வாசித்துக்கொண்டே நடந்தால் கனடாப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு பராமரிக்கிறது, புல்கூட ஒழுங்காக வெட்டியிருப்பார்கள்.

இன்னொரு சவக்காலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, எஸ்பிளனேட் பக்கம், சென் ஸ்டீபன்ஸ் பெயரில். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி சாள்ஸ் ஒஸ்ரின் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கடற்படையில் ரியர் அட்மிரல். இரண்டாம் பர்மா யுத்தத்தில் ஐராவதி ஆற்றில் கப்பலில் இருந்தபோது 1852 ஒக்டோபரில் வாந்திபேதியில் இறந்தார். திருமலை அப்போது ஆங்கிலேயக் கடற்படைத் தளம், அதனால் இங்கே புதைத்தார்கள். உலகம் முழுக்க அந்த அம்மாவின் புத்தகங்களைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தம்பி இங்கே கிடப்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது.

ரொறன்ரோ திருமலையான்:

இது எனக்குப் புதிது. அந்த மதிலோரத்தால்தான் பள்ளிக்கூடம் போய் வந்தேன்!

கிண்ணியா நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கோயிலும் சவக்காலையும் பற்றியே கதைக்கிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னியாவில் கிணறுகளுக்குப் பக்கத்து மேட்டில் ஓர் அவுலியாவின் (இறைநேசரின்) ஸியாரம் (அடக்கத்தலம்) இருக்கிறது. சாதாரண மனிதனின் உயரத்துக்கு ஒத்துவராத நீளமான கபுறு. எங்கள் உம்மாமார் காலத்தில் நேர்த்தி வைத்துக்கொண்டு போவார்கள், கிணற்றில் குளித்துவிட்டு மேலே ஏறுவார்கள். இராவணன் கதை கீழே, அவுலியா கதை மேலே. இரண்டு சனமும் ஒரே வாளியால் அள்ளிக் குளித்த இடம்.

அந்த அக்கா சொன்ன தீட்டு எங்களுக்கு இல்லை. கபுறடிக்குப் போவது மௌத்தை, அதாவது மரணத்தை, நினைப்பதற்கு, அதில் நன்மை உண்டு என்போம். வந்து குளிக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் அவரவர் வழக்கம் அவரவருக்கு.

பாலையூற்று அக்கா:

நானா, என் அம்மாவும் அந்த மேட்டைக் காட்டிக் கும்பிடச் சொல்லுவார். சரியாகச் சொன்னீர்கள்.

மனையாவெளி மைந்தன்:

கன்னியா என்றதும் யாரும் உண்மையைக் கதைக்கவில்லையே. அங்கே பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் நடந்த

(மட்டுறுத்துனர்: மிகுதி நீக்கப்பட்டது. கன்னியா நில விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது, வழக்குப் பற்றிய விபரமும் அங்கேயே. இது பயணத்துக்கான இழை.)

மனையாவெளி மைந்தன்:

சரி ஐயா. ஆனால் கைடு அதைச் சொல்லாமல் விட்டால் அரைக் கதைதான்.

கல்வெட்டுப்பித்தன்:

அதில் நியாயம் இருக்கிறது. இடிபட்டதையும் சண்டைபிடிப்பதையும் விட்டுவிட்டு வெந்நீரின் சூட்டை மட்டும் சொன்னால் அது கைடு வேலை இல்லை. அதேநேரம் எங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் சொல்வதும் இல்லை. அதனால்தான் வெல்கம் விகாரையை விடாதீர்கள் என்கிறேன். கன்னியாவுக்குப் போகிறவர்களுக்குப் பெரிய சுற்று இல்லை. சிங்களவர் வெல்கம் விகாரை என்பார்கள், பழைய ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள், கல்வெட்டில் இருப்பது இராசராசப் பெரும்பள்ளி. அது பௌத்த விகாரை, சோழன் பெயரில். சுற்றிக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் அதற்கு விளக்கும் பசுவும் தானமாகக் கொடுத்ததைச் சொல்கின்றன. கொடுத்தவர்கள் தமிழ்ப் பெயர் உள்ளவர்கள். சோழர் வந்தார்கள், விகாரையெல்லாம் இடித்தார்கள் என்று ஒருவர், தமிழருக்கும் பௌத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று இன்னொருவர். இருவரையும் அந்தச் செங்கல் அடித்தளத்தின் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

அப்பம்மாவுக்கு ஒரு செய்தி. கோயில் வேறு, கல்லறை வேறு என்று அவ்வளவு கறாராகப் பிரித்தவர்கள் இல்லை நம் முன்னோர். இறந்த அரசருக்கும் அரசிக்கும் மேல் சிவன் கோயில் எடுப்பதைப் பள்ளிப்படை என்றார்கள். முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு மேற்பாடியில் எடுத்தான். இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பக்கத்தில் எடுத்தான். இன்றும் பூசை நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் கடையிற் சுவாமி சமாதிக்குப் போகிறவர்கள் குளித்துவிட்டா வீட்டுக்குள் நுழைகிறார்கள்?

பாலையூற்று அக்கா:

>குளித்துவிட்டா வீட்டுக்குள் நுழைகிறார்கள்?

சித்தர் சமாதியும் சவக்காலையும் ஒன்றா ஐயா? சமாதியில் இருப்பவர் சாகவில்லை, அமர்ந்திருக்கிறார். அங்கே தீட்டு ஏது? சோழன் பாட்டனுக்குக் கோயில் எடுத்தால் அங்கே கும்பிடுவது சிவனைத்தான், பாட்டனை இல்லை. உங்கள் கல்வெட்டு அறிவுக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் அப்பம்மாவை இதைக் கொண்டு மடக்க முடியாது. என் ஒழுங்கையே பிடியுங்கள்.

சீனன்குடா சிவா:

அக்கா 1, கல்வெட்டு 0.

இலிங்கநகர் வான்காரன்:

படித்தவர்கள் சண்டை முடிந்ததென்றால் பாதைக்கு வருவோம். திரியாயை விடச் சொல்வதா வைத்திருப்பதா? அங்குள்ள பௌத்த விகாரை கிரிஹண்டு சாய மலைமேல் இருக்கிறது. படி ஏற வேண்டும். ஓகஸ்ட்டில் கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்தால் அப்பம்மா ஏற மாட்டார்.

கல்வெட்டுப்பித்தன்:

எனக்கு மனம் கேட்கவில்லை. நடுவில் தாதுகோபம், சுற்றிக் கல் தூண் வட்டங்கள். அருகிலே பாறையில் பல்லவக் கிரந்த எழுத்தில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு, தபஸ்ஸு, பல்லுகர் என்ற வணிகர்களைப் பற்றியது. புத்தரின் கேச தாதுவை (தலைமுடியை) கொண்டுவந்தவர்கள் என்பது ஐதீகம். நிலாவெளியில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டளவிலான தமிழ்க் கல்வெட்டு கோணமாமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் கொடுத்ததைச் சொல்லும்போது கிரிகண்ட என்ற பெயரும் வருகிறது. வணிகரும் கோயிலும் விகாரையும் ஒரே கரையோரத்தில் எப்படி இருந்தன என்று திரியாயிலே தெரியும். ஆனால் ஓம், வயதானவரை வைத்துக்கொண்டு போக முடியாது. சித்தப்பாவை மட்டும் இன்னொரு நாள், விடிய 5 மணிக்கே வெளிக்கிட்டுக் கூட்டிப் போங்கள். சின்னவர்கள் ஏறினால் அவர்களையும்.

தம்பலகாமத்தான்:

எங்கள் ஆதிகோணேசரை யாருமே கேட்கவில்லை. போர்த்துக்கேயர் இடித்தபோது தப்பிய திருமேனிகளை எங்களிடம் கொண்டுவந்து கோயில் எடுத்தார்கள் என்பது எங்கள் ஊர் வரலாறு. கோணேசரைப் பார்த்துவிட்டு இதைப் பாராமல் போனால் கதை நடுவில் அறுந்துவிடும். இரண்டுக்கும் இடையில் 24 கிலோமீற்றர்தான். வயல் நடுவே வடிவான இடம், படியும் இல்லை, வெயிலும் உறைக்காது.

உவர்மலைவாசி:

இதைச் சித்தப்பாவுக்கு வாசித்ததும் "தம்பலகாமம் கட்டாயம்" என்றுவிட்டார். சித்தி, பிள்ளையாருக்கு ஏதோ நேர்த்தி என்று கந்தளாயையும் சேர்க்கப் பார்த்தார், அதைத் தடுத்துவிட்டேன். இப்போது இப்படி நினைக்கிறேன்: விடியக் கோணேசர், இறங்கும்போது கோட்டை வாசல், பிறகு எஸ்பிளனேட் சவக்காலை, நிலாவெளி வீதிப் போர்க் கல்லறை. மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. பின்னேரம் வெல்கம் விகாரை, கன்னியா. தம்பலகாமம் மறுநாள் தனியாக.

பாலையூற்று அக்கா:

மத்தியானம் வீட்டுக்குள் போகிறீர்களா? சவக்காலையால் வந்து குளிக்காமலா? அப்பம்மா வாசலிலேயே மறித்துவிடுவார். புட்டோ இடியப்பமோ கட்டிக்கொண்டு போய் வழியில் சாப்பிடுங்கள். விகாரைக்கும் கால்கை முகம் கழுவிவிட்டுப் போங்கள்.

கோணேசருக்கு ஏழு மணிக்கு முன்னாலேயே போய்ச் சேருங்கள். பத்து மணிக்குப் பிறகு அந்தக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நடை சாத்தும் நேரத்தையும் கேட்டு வையுங்கள்.

ரொறன்ரோ திருமலையான்:

கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கண்ட இடமெல்லாம் கமராவைத் தூக்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள். சவக்காலை வாசல் திறந்திருக்குமா என்றும் முதல்நாளே யாரையாவது விட்டுப் பாருங்கள்.

கல்வெட்டுப்பித்தன், நீங்களே கைடாகப் போனால் என்ன?

கல்வெட்டுப்பித்தன்:

அனுமதிப்பத்திரம் இல்லை ராசா. கைடு என்று காசு வாங்க முடியாது. ஆனால் கோட்டை வாசலில் ஏழரைக்கு நான் தற்செயலாக நின்றால் யாரும் தடுக்க முடியாதுதானே. கைடாக வருபவர் வெல்கம் விகாரைக் கல்வெட்டைப் பற்றிச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சீனன்குடா சிவா:

கன்னியாத் தண்ணீர் ஏன் சுடுகிறது என்று சின்னவர்கள் கேட்டால்? இராவணன் வாள் என்றால் கனடாப் பிள்ளைகள் நம்பாது.

கல்வெட்டுப்பித்தன்:

எரிமலை இல்லை என்று முதலில் சொல்லுங்கள், எல்லாரும் அதைத்தான் நினைப்பார்கள். மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் போகப் போகப் பூமி சூடு. சூடாகிய தண்ணீர் இன்னொரு வெடிப்பால் வேகமாக மேலே வருகிறது. மகா ஓயா, மகாபெலஸ்ஸ வெந்நீரூற்றுகளும் இப்படித்தான். ஏழு கிணறும் ஒரே சூடாக இராது, வழியில் கலக்கும் குளிர்தண்ணீரின் அளவைப் பொறுத்தது. கையை விட்டுப் பார்த்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் இருப்பார்கள்.

இலிங்கநகர் வான்காரன்:

இதுதான் ஒழுங்கென்றால் என் வான் சரி. அப்பம்மாவுக்கு முன் சீற். சாப்பாடு, தண்ணீர், தொப்பி எல்லாம் மேலே வையுங்கள். துவாயும் மாற்றுடுப்பும் தனிப் பையில் வாசலுக்குப் பக்கத்தில். கன்னியாவில் எல்லாரும் நனைந்து நின்றுகொண்டு பையைத் தேடச் சொல்லி என்னைக் கூப்பிடக் கூடாது. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கோயிலடியில் வான் திருப்ப இடம் கிடைக்காது.

உவர்மலைவாசி:

செவ்வாய் சரியா அண்ணை?

பாலையூற்று அக்கா:

செவ்வாய் மரக்கறிச் சாப்பாடு, கோயிலுக்கும் நல்லது. ஆனால் திகதியை அப்பம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

உவர்மலைவாசி:

கேட்டாயிற்று. செவ்வாய் ராகுகாலம் பின்னேரம் மூன்றிலிருந்து நாலரையாம். அந்த நேரம் கன்னியாவுக்கு வெளிக்கிடக் கூடாது, முன்னாலேயே அங்கே போய் நிற்க வேண்டும் என்கிறார். வெல்கம் விகாரையைச் சுருக்க வேண்டி வரும்.

கல்வெட்டுப்பித்தன்:

சுருக்காதீர்கள்! புதன் போங்கள்.